காலம் அறிந்து வினை சொல்லுதல்

ஆங்கிலம் கற்கும் தமிழர்க்கு அம்மொழியின் சொற்கள் அத்துணை இடர் செய்வதில்லை. நாள்தோறும் பத்துச் சொற்களை மனத்திற் பதித்து வந்தால், ஒரு வருடத்திலே மூவாயிரத்து அறுநூற்றைம்பது சொற்களை அறிந்துகொள்ளலாம். எழுத்துக் கூட்டலும் பழக்கத்தால் வந்துவிடும். ஆயின், பல வருடம் ஆங்கிலம் பயின்று, பரீட்சைகளிலே சித்தியும் எய்தி, உத்தியோகத்தில் அமர்ந்த பின்னரும், ஒரு கடிதம் எழுத உட்காரும்போது பேனாவைத் தடுத்து நிறுத்துவது ஒன்று உண்டு. அதுவே வினைச்சொல்லின் காலம். 'ரோட்' என்று எழுதுவதா, 'ஹாவ் ரிட்டன்' என்று எழுதுவதா, 'ஹாட் ரிட்டன்' என்று எழுதுவதா? எழுதும் செயல் மூன்றிலும் நடந்து முடிந்ததே. ஏதேனும் ஒன்றை எழுதினாற் போதாதா என்று நேயர் பலர் கேட்பதுண்டு.

போதாது என்பதையும், அதற்குக் காரணம் யாது என்பதையும், பொருத்தமான காலத்தைத் தெரிந்தெடுப்பதற்கு நம்முடைய தமிழறிவே எவ்வாறு துணை செய்யும் என்பதையும் இவ்வாரம் ஆராய்வோம். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலே தருகிறோம். அவற்றை வாய்விட்டுப் படித்துப் பார்த்தல் நன்று.

பொழுதும் வினைக்காலமும்

தமிழில் 'காலம்' என்னும் ஒரே சொல் இரண்டு பொருள்களுக்கு வழங்குகிறது. நாட்காட்டியும் மணிக்கூடும் காட்டும் பொழுதும் காலமே. 'எழுதினான், எழுதுகிறான், எழுதுவான்' என்று வினைச்சொல் கொள்ளும் வடிவமும் காலமே. ஆங்கிலத்தார் முன்னதை 'டைம்' என்றும், பின்னதை 'டென்ஸ்' என்றும் பிரித்து வழங்குவர். இப்பிரிவினையை மனத்திற் கொண்டால் பாதி இடர் நீங்கிவிடும். செயல் எப்பொழுது நிகழ்ந்தது என்பதை மட்டும் வினைக்காலம் உணர்த்துவதன்று. சொல்லுகின்றவர் எந்த இடத்தில் நின்று அச்செயலைப் பார்க்கிறார் என்பதையும் அது உணர்த்தும்.

இஃது ஏதோ அந்நியர் கண்ட புதுமை என்று எண்ணற்க. காலம் மூன்று என்று வகுத்த தொல்காப்பியரே, விரைவு குறித்துப் பேசும்போது நிகழாத செயலையும் நிகழ்ந்ததுபோலக் கூறலாம் என்று இடங்கொடுத்தார். நன்னூல் செய்த பவணந்தி முனிவரும் விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்னும் காரணங்களால் காலம் மாறி வருதலை ஏற்றுக்கொண்டார். உணவுக்கு அழைக்கும் தாய்க்கு, புத்தகத்தை விட்டு எழும்பாத பிள்ளை, "இதோ வந்துவிட்டேன் அம்மா" என்று விடை கூறுகின்றான். அவன் இன்னும் வரவில்லை; வரப்போகின்றான். எனினும் இறந்தகாலத்தாற் கூறுகின்றான். தாயும் அதனைப் பொய்யென்று கொள்வதில்லை. பொழுது வேறு, வினையின் காலம் வேறு என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டியதில்லை.

ஆகவே நாம் செய்யவேண்டியது, தமிழ் வினை வடிவத்துக்கு நேரே ஓர் ஆங்கில வடிவத்தை ஒட்டிவைப்பதன்று. தமிழ் வாக்கியத்தின் கருத்தை அறிந்து, அக்கருத்துக்கு ஆங்கிலம் எந்த வடிவத்தை வழங்குகின்றதோ அதனைக் கொள்வதே முறை.

நிகழ்காலம் இரண்டு

"தம்பி பாடசாலைக்குப் போகிறான்" என்பது ஒரு வாக்கியம். வீதியிலே சீருடையுடன் செல்லும் தம்பியைக் கண்டு ஒருவர் இதனைக் கூறலாம். தம்பி படிக்கும் வயதினன், வேலைக்குப் போகின்றவன் அல்லன் என்று தெரிவிப்பதற்கும் இதனையே கூறலாம். தமிழ் இரண்டையும் ஒரே வடிவத்தில் அடக்கிவிடுகின்றது. ஆங்கிலமோ இரண்டையும் பிரித்தே ஆகவேண்டும் என்று வற்புறுத்துகின்றது. இப்பொழுது கண்முன்னே நிகழ்வதாயின், 'ஹீ இஸ் கோயிங் டு ஸ்கூல்.' வழக்கமாக நிகழ்வதாயின், 'ஹீ கோஸ் டு ஸ்கூல்.'

இவற்றுள் எது பொருந்தும் என்று ஐயம் தோன்றினால், தமிழிலே 'கொண்டிருக்கிறான்' என்பதைச் சேர்த்துப் பார்க்கலாம். "போய்க்கொண்டிருக்கிறான்" என்று கூறினும் நாம் கருதிய பொருள் கெடாதாயின், ஆங்கிலத்தில் 'இஸ் கோயிங்' என்று எழுதலாம். பொருள் கெடுமாயின் 'கோஸ்' என்பதே தக்கது.

'ஐ ஆம் நோயிங் இங்கிலிஷ்', 'ஐ ஆம் ஹாவிங் டூ சில்ட்ரன்' என்று எழுதுவோர் பலர். இவை பிழை. பிழை என்பதை நம் தமிழ்ச் செவியே அறிவிக்கும். "எனக்கு ஆங்கிலம் தெரிந்துகொண்டிருக்கிறது" என்றாவது, "எனக்கு இரண்டு பிள்ளைகள் இருந்துகொண்டிருக்கிறார்கள்" என்றாவது தமிழர் எவரும் பேசுவதில்லை. அறிதலும் உடைமையும் நிலைகளேயன்றிச் செயல்கள் அல்ல. ஆதலால் 'ஐ நோ இங்கிலிஷ்', 'ஐ ஹாவ் டூ சில்ட்ரன்' என்றே எழுதுக. ஆனால், 'வீ ஆர் ஹாவிங் லஞ்ச்' என்பது சரியே. அங்கே 'ஹாவ்' என்பது உண்ணுதலைக் குறிக்கின்றது. "சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்" என்று நாமும் சொல்லுவோம்.

இச்சோதனை எல்லா இடத்தும் செல்லும் என்று கூறமாட்டோம். "நம்பிக்கொண்டிருக்கிறேன்" என்பது நல்ல தமிழ்; 'ஐ ஆம் பிலீவிங்' என்பது நல்ல ஆங்கிலம் அன்று. நம்புதல், விரும்புதல், வேண்டுதல், விளங்குதல், உரியதாதல் ஆகிய பொருள் தரும் வினைகளைத் தனியே ஒரு பட்டியலாக எழுதி மனனம் செய்துகொள்ளுதல் நலம்.

வழக்கத்தைக் கூறுமிடத்து இன்னொரு தடுமாற்றமும் உண்டு. "தம்பி விடிய ஐந்து மணிக்கு எழும்புவான்" என்று, நாள்தோறும் நிகழும் வழக்கத்தை நாம் எதிர்கால வடிவத்தாற் கூறுகின்றோம். இதனை அப்படியே 'ஹீ வில் கெட் அப் அட் ஃபைவ்' என்று பெயர்த்தால், படிப்பவர் பெரும்பாலும் நாளைய செய்தி என்றே கொள்வார். வழக்கம் என்றால் 'ஹீ கெட்ஸ் அப் அட் ஃபைவ்' என்பதே ஏற்றது.

பத்து வருடமும் பத்து வருடமாகவும்

இனி, தமிழர்க்குப் பெரிதும் இடர் தரும் இடத்துக்கு வருவோம். 'ஹாவ்', 'ஹாஸ்' என்பவற்றின் துணையோடு வரும் வடிவத்தை ஆங்கில இலக்கண நூலார் நிறைவு நிகழ்காலம் என்னும் கருத்துப்படப் பெயரிட்டிருக்கின்றனர். அப்பெயரிலே 'நிகழ்காலம்' என்னும் சொல் இருப்பதைக் கவனிக்க. செயல் முன்னரே தொடங்கியிருக்கலாம், அன்றி முடிந்தும் இருக்கலாம். ஆயினும், பேசுகின்றவர் இன்றைய நாளில் நின்று, இன்றைக்கு அதனால் விளைந்துள்ளது யாது என்றே பார்க்கின்றார்.

"நான் பத்து வருடமாக இந்தப் பாடசாலையிற் படிப்பிக்கிறேன்" என்று ஓர் ஆசிரியர் தம் விண்ணப்பத்தில் எழுத விரும்புகின்றார் என்று வைத்துக்கொள்வோம். 'படிப்பிக்கிறேன்' என்பது நிகழ்காலம் ஆதலால், 'ஐ ஆம் டீச்சிங் இன் திஸ் ஸ்கூல் ஃபோர் டென் இயர்ஸ்' என்று எழுதுகின்றார். அது பிழை என்று எவரோ கூறக் கேட்டு, இறந்தகாலத்துக்கு மாற்றி, 'ஐ டோட் இன் திஸ் ஸ்கூல் ஃபோர் டென் இயர்ஸ்' என்று எழுதுகின்றார். இவ்வாக்கியம் இலக்கணத்துக்கு மாறுபட்டதன்று. ஆனால் உண்மைக்கு மாறுபட்டது. பத்து வருடம் படிப்பித்துப் பின்னர் அங்கிருந்து விலகிவிட்டார் என்பதே அதன் பொருள். விண்ணப்பத்தைப் படிப்பவர், இவர் இப்பொழுது எங்கே இருக்கிறார், ஏன் விலகினார் என்று ஐயுறுவார். எழுதவேண்டியது, 'ஐ ஹாவ் டோட் இன் திஸ் ஸ்கூல் ஃபோர் டென் இயர்ஸ்' என்பதாகும். 'ஐ ஹாவ் பீன் டீச்சிங்' என்றும் எழுதலாம்.

இவ்வேற்றுமையை உணர்த்தும் ஆற்றல் தமிழுக்கு இல்லை என்று கருதற்க. "பத்து வருடம் படிப்பித்தேன்" என்றால் முடிந்தது. "பத்து வருடமாகப் படிப்பிக்கிறேன்" என்றால் முடியவில்லை. வருடம் என்பதோடு சேர்ந்த 'ஆக' என்னும் சிறு உருபும், ஈற்றில் நிற்கும் நிகழ்கால வினையும் கூடி அப்பொருளைத் தருகின்றன. ஆகவே, 'மாதமாக, வருடமாக, நாளாக' என்று வந்து, வினையும் நிகழ்காலத்தில் முடிந்தால், ஆங்கிலத்தில் 'ஹாவ்' அல்லது 'ஹாஸ்' வரவேண்டும் என்று குறித்துக்கொள்க. "2015 முதல்" என்று தொடக்கத்தைக் கூறினும் அவ்வாறே: 'ஐ ஹாவ் லிவ்ட் ஹியர் சின்ஸ் 2015.' நீளத்தைக் கூறுமிடத்து 'ஃபோர்'. தொடக்கத்தைக் கூறுமிடத்து 'சின்ஸ்'.

இவ்விடத்தில் நிகழ்காலத்தைப் பயன்படுத்துவது தமிழர் மட்டும் அல்லர். பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியரும் தத்தம் மொழியில், "பத்து வருடமாக இங்கே வசிக்கிறேன்" என்று நம்மைப் போலவே நிகழ்காலத்தாற் கூறுவர். அவர்கள் ஆங்கிலம் கற்கும்போதும் இதே பிழை நேர்கின்றது. ஆதலால் இப்பிழை அறிவுக்குறைவின் அடையாளம் அன்று. தாய்மொழியின் பழக்கம் பிறமொழியிலே தலைகாட்டுவது இயல்பு.

காய்ச்சல் நின்றதா, நிற்கவில்லையா?

விண்ணப்பத்தில் நேரும் பிழையால் ஓர் உத்தியோகம் தவறக்கூடும். அதனினும் பெரிய இடர் விளையும் இடங்களும் உள. தமிழ் அறியாத வைத்தியரும் சிங்களம் அறியாத தாயும் ஆங்கிலத்திலே பேசிக்கொள்ளும் ஆஸ்பத்திரிகள் நம் நாட்டில் உண்டு. "பிள்ளைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல்" என்பதைத் தாய் எவ்வாறு கூறுவாள்?

'ஷீ ஹாட் ஃபீவர் ஃபோர் த்ரீ டேஸ்' என்றால், மூன்று நாள் காய்ச்சல் இருந்தது, பின்னர் நின்றுவிட்டது என்பது பொருள். 'ஷீ ஹாஸ் ஹாட் ஃபீவர் ஃபோர் த்ரீ டேஸ்' என்றால், மூன்று நாளாக இருக்கின்றது, இன்னும் நிற்கவில்லை என்பது பொருள். இரண்டுக்கும் இடையே உள்ளது 'ஹாஸ்' என்னும் ஒரு சிறு சொல். டெங்குக் காய்ச்சலில், நோய் தொடங்கிய மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையே காய்ச்சல் தணியும் வேளையிலேதான் பெரும்பாலும் அபாயக் கட்டம் தொடங்குகின்றது. காய்ச்சல் நின்றதா, எப்பொழுது நின்றது என்பது வைத்தியர் அறியவேண்டிய முதற் செய்திகளுள் ஒன்று. வைத்தியர் உடற்சூட்டை அளந்து பார்ப்பார் என்பது உண்மையே. எனினும், நேற்றிரவு இருந்த நிலையைத் தாயின் வாய்மொழியன்றி வேறு எக்கருவியும் அவருக்குக் கூறாது.

ஐயம் உள்ளவர்கள் இவ்வேளைகளில் இரண்டு சிறு வாக்கியங்களாகப் பிரித்துக் கூறுவது பாதுகாப்பானது. 'தி ஃபீவர் ஸ்டார்டட் ஓன் மன்டே. ஷீ ஸ்டில் ஹாஸ் ஃபீவர்.' திங்கட்கிழமை தொடங்கியது; இன்னும் இருக்கின்றது. இலக்கணச் சிறப்பு இதில் இல்லையாயினும் தவறான பொருள் தோன்றுவதற்கும் இடமில்லை.

யாழ்ப்பாணத்துக்கு வராத புகையிரதம்

இவ்விரண்டு காலங்களின் வேற்றுமையை ஒருமுறை கண்டால் பின்னர் மறக்க இயலாத எடுத்துக்காட்டு ஒன்று நம் நாட்டு வரலாற்றிலேயே இருக்கின்றது. யாழ்தேவிப் புகையிரதம் 1956ஆம் ஆண்டு ஓடத் தொடங்கியது. போரினால் 1990ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்துக்கான புகையிரத சேவை நின்றது. 2014ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்திலே யாழ்ப்பாணப் புகையிரத நிலையத்துக்கு மீண்டும் வண்டி வந்தது.

இடைப்பட்ட காலத்திலே, 2013ஆம் ஆண்டு என்று கொள்வோம், யாழ்ப்பாணத்தார் ஒருவர் வெளிநாட்டு நண்பருக்கு இதனை எழுதியிருந்தால் எவ்வாறு எழுதியிருப்பார்? 'நோ ட்ரெயின் ஹாஸ் கம் டு ஜஃப்னா ஃபோர் ட்வென்டி-த்ரீ இயர்ஸ்.' இருபத்துமூன்று வருடமாக வண்டி வரவில்லை. எழுதும் அன்றும் வரவில்லை. 2014 ஒக்ரோபருக்குப் பின்னர் அவரே எழுதினால், 'நோ ட்ரெயின் கேம் டு ஜஃப்னா ஃபோர் ட்வென்டி-ஃபோர் இயர்ஸ்' என்று எழுதவேண்டும். இருபத்துநான்கு வருடம் வரவில்லை, அக்காலம் முடிந்துவிட்டது. முதல் வண்டி நிலையத்துள் நுழைந்த அன்று 'ஹாஸ் கம்' என்பது நீங்கி 'கேம்' என்பது அவ்விடத்தைப் பெற்றது. வண்டி வராமல் இருந்த செய்தி மாறவில்லை. அதனைச் சொல்லுகின்றவர் நிற்கும் நாள் மாறியது. அதனோடு வினையின் காலமும் மாறியது.

ஒருவருடைய வாழ்வைப் பற்றி எழுதும்போதும் இவ்விதியை மறத்தலாகாது. 'மை ஃபாதர் ஹாஸ் ரிட்டன் மெனி புக்ஸ்' என்றால் தந்தையார் வாழ்கின்றார், இன்னும் எழுதலாம் என்று பிறர் கொள்வர். ஆறுமுக நாவலர் 1879ஆம் ஆண்டு காலமானார். சுவாமி விபுலாநந்தர் 1947ஆம் ஆண்டு காலமானார். அவர்கள் இயற்றிய நூல்களைப் பற்றிக் கூறும்போது 'ரோட்' என்பதே பொதுவாகப் பொருந்தும். உயிரோடு இருப்பவரைப் பற்றிக் கவனக்குறைவால் 'வொஸ்' என்று எழுதிவிட்டு, அனுதாபக் கடிதம் வந்த பின்னர் வருந்துவதிற் பயனில்லை.

'நேற்று' என்னும் காவற்காரன்

'ஹாவ்' வரவேண்டிய இடத்தை அறிந்தோம். இனி, அது வரக்கூடாத இடத்தையும் அறிதல் வேண்டும். "நேற்று உங்களுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன்" என்பது தமிழிலே குற்றமற்ற வாக்கியம். இதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து, 'ஐ ஹாவ் ரிட்டன் டு யூ யெஸ்டர்டே' என்று எழுதினால் ஆங்கிலம் ஏற்றுக்கொள்ளாது. காரணம் வெளிப்படை. 'ஹாவ் ரிட்டன்' என்பது இன்றைய நாளில் நின்று பார்ப்பது. 'யெஸ்டர்டே' என்பது நேற்றைய நாளுக்கு நம்மை இட்டுச் செல்வது. ஒருவர் ஒரே வாக்கியத்தில் இரண்டு இடத்திலும் நிற்க இயலாது. ஆகவே, நேற்று, போன கிழமை, 1990இல், இரண்டு நாளுக்கு முன்பு என்று முடிந்துபோன பொழுதைச் சுட்டும் சொல் ஒன்று வந்தால், 'ஹாவ்' என்பதை விலக்கி, 'ஐ ரோட் டு யூ யெஸ்டர்டே' என்று எழுதுக.

பொழுதைக் கூறாமல், செயலின் பயனை மட்டும் கூறுவதாயின் 'ஹாவ்' மீண்டும் வரும். "சாவியைத் தொலைத்துவிட்டேன்" என்று வாயிலில் நின்று தவிப்பவர், 'ஐ ஹாவ் லொஸ்ட் மை கீ' என்பார். சாவி இன்னும் அகப்படவில்லை. "அவர் கனடாவுக்குப் போய்விட்டார்" என்றால் 'ஹீ ஹாஸ் கோன் டு கனடா'; அவர் இங்கே இல்லை. "அவர் கனடாவுக்குப் போய் வந்திருக்கிறார்" என்றால் 'ஹீ ஹாஸ் பீன் டு கனடா', அவர் திரும்பிவிட்டார். நீதிமன்றத்திலே, "அவரைக் கண்டிருக்கிறேன்" என்று சாட்சி கூறினால் 'ஐ ஹாவ் சீன் ஹிம்' என்று மொழிபெயர்க்கவேண்டும். என்றோ ஒருநாள் கண்ட பழக்கத்தைக் கூறுகின்றார். "அன்றிரவு அவரைக் கண்டேன்" என்றால் 'ஐ சோ ஹிம் தட் நைட்'; குற்றம் நிகழ்ந்த இரவிலே கண்டதாகக் கூறுகின்றார். ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்தால், அறிந்தவர் என்று கூறியது அன்று கண்டதாகக் கூறியதாக மாறிவிடும்.

அமெரிக்கர் இவ்விதியைச் சிறிது தளர்த்துவர். 'ஐ ஹாவ் ஜஸ்ட் ஈட்டன்' என்று பிரித்தானியர் கூறுமிடத்து, 'ஐ ஜஸ்ட் ஏட்' என்று அமெரிக்கர் கூறுவது வழக்கம். ஆனால், 'யெஸ்டர்டே' என்பதோடு 'ஹாவ்' சேராது என்பதில் இரு நாட்டாரும் உடன்படுவர்.

ஆங்கிலச் செய்திகளைக் கேட்போர் ஒரு முறைமையைக் காணலாம். முதல் வாக்கியம் 'ஹாஸ்' என்பதோடு வரும். அடுத்த வாக்கியங்கள் இறந்தகாலத்தில் வரும். 'தி மினிஸ்டர் ஹாஸ் ரிசைன்ட். ஹீ சென்ட் ஹிஸ் லெட்டர் லாஸ்ட் நைட்.' அமைச்சர் பதவி துறந்தார் என்பது இன்றைய நிலை. கடிதம் அனுப்பியது நேற்றிரவு நிகழ்ந்த செயல். நம் விண்ணப்பங்களிலும் இம்முறையைப் பின்பற்றலாம். 'ஐ ஹாவ் வேர்க்ட் அஸ் எ கிளார்க் ஃபோர் எய்ட் இயர்ஸ். ஐ ஜொயின்ட் மை பிரசன்ட் ஒஃபிஸ் இன் 2019.' முதலில் இன்றைய நிலை. பின்னர் ஆண்டு குறித்த செயல்.

'ஹாட்' தனித்து நில்லாது

"போன கிழமை கண்டிக்குப் போயிருந்தேன்" என்பதை, 'லாஸ்ட் வீக் ஐ ஹாட் கோன் டு கண்டி' என்று எழுதுவோர் நம் நாட்டிலும் இந்தியாவிலும் மிகப் பலர். 'போயிருந்தேன்' என்னும் தமிழ் வடிவமே இப்பிழைக்குத் தாய். தமிழிலே அது தனித்து நிற்கும். ஆங்கிலத்திலே 'ஹாட் கோன்' என்றால், வேறொரு செயலுக்கு முன்னர் நிகழ்ந்தது என்பது பொருள். அந்த வேறொரு செயல் யாது என்று கேட்பவர் காத்திருப்பார். அது வராவிட்டால் வாக்கியம் பாதியில் நின்றது போலத் தோன்றும். தனிச் செயலாயின், 'ஐ வென்ட் டு கண்டி லாஸ்ட் வீக்' என்பதே போதும்.

இரண்டு இறந்தகாலச் செயல்கள் வந்து, முந்தியது எது என்று காட்டவேண்டிய இடத்தில் 'ஹாட்' இன்றியமையாதது. 'வென் வீ ரீச்ட் தி ஸ்டேஷன், தி ட்ரெயின் ஹாட் லெஃப்ட்' என்றால், நாம் வருமுன்னரே வண்டி போய்விட்டது. 'தி ட்ரெயின் லெஃப்ட்' என்றால், நாம் வந்ததும் அது புறப்பட்டது. 'பிஃபோர்', 'ஆஃப்டர்' என்னும் சொற்கள் முன்பின்னைத் தாமே காட்டிவிடும் இடங்களில் 'ஹாட்' இல்லாமலும் எழுதலாம்.

எதிர்காலம்

ஆங்கில வினைச்சொல் தன் வடிவத்தை மாற்றிக் காட்டுவது நிகழ்காலம், இறந்தகாலம் என்னும் இரண்டுக்கே. எதிர்காலத்துக்கு 'வில்' முதலிய துணைவினைகளை அழைத்துக்கொள்ளும். தமிழோ 'வருவேன்' என்று வினையுள்ளேயே அதனைக் காட்டவல்லது. எனினும், "நாளைக்குக் கொழும்புக்குப் போகிறேன்" என்று திட்டமிட்ட பயணத்தை நாம் நிகழ்காலத்தாற் கூறுவது போலவே, ஆங்கிலத்தாரும் 'ஐ ஆம் கோயிங் டு கொலம்போ டுமோரோ' என்பர்.

ஒரு பிழையை மட்டும் எடுத்துக்காட்டுவோம். 'இஃப் ஹீ வில் கம், ஐ வில் டெல் ஹிம்' என்று சிலர் எழுதுகின்றனர். "அவர் வந்தால் சொல்லுவேன்" என்னும் தமிழ் வாக்கியத்தில் எதிர்காலம் ஒரே இடத்திலேதான் இருக்கின்றது என்பதைக் கவனிக்க. 'வந்தால்' என்பதில் எதிர்கால உருபு இல்லை. ஆங்கிலத்திலும் ஒரே 'வில்' போதும்: 'இஃப் ஹீ கம்ஸ், ஐ வில் டெல் ஹிம்.' 'வென்' என்பது 'பொழுது' என்னும் பொருளில் வரும்போதும் இவ்வாறே. வினாவாக வரும்போது மட்டும், 'வென் வில் ஹீ கம்?' என்று 'வில்' வரும்.

மூன்று வினாக்கள்

இதுவரை கூறியவற்றை மூன்று வினாக்களாகச் சுருக்கித் தருகின்றோம். எழுதுமுன் தம்மைத் தாமே கேட்டுக்கொள்க.

ஒன்று: முடிந்துபோன பொழுதைச் சுட்டும் சொல் வாக்கியத்தில் உண்டா? உண்டாயின், இறந்தகாலம். 'ஹாவ்' வேண்டா.

இரண்டு: செயல் முன்னர்த் தொடங்கி இன்றும் தொடர்கின்றதா, அன்றி அதன் பயன் இன்று நிற்கின்றதா? ஆயின், 'ஹாவ்' அல்லது 'ஹாஸ்'.

மூன்று: இறந்தகாலச் செயல்கள் இரண்டு இருந்து, முந்தியதைப் பிரித்துக் காட்டவேண்டுமா? ஆயின், முந்தியதற்கு 'ஹாட்'.

பயிற்சி

பின்வரும் வாக்கியங்களை ஆங்கிலத்தில் எழுதுக. விடைகளைக் கையால் மறைத்துக்கொண்டு முயல்க.

1. நான் 2019 முதல் இந்தக் கந்தோரில் வேலை செய்கிறேன்.
2. அக்கா நேற்று ஒரு கடிதம் எழுதியிருக்கிறாள்.
3. போன மாதம் நாங்கள் திருகோணமலைக்குப் போயிருந்தோம்.
4. மழை பெய்தால் நாங்கள் வரமாட்டோம்.
5. அப்பா விடிய நாலு மணிக்கு எழும்புவார்.
6. பாட்டி இரண்டு கிழமையாகச் சுகமில்லாமல் இருக்கிறார்.

விடைகள்

1. ஐ ஹாவ் வேர்க்ட் இன் திஸ் ஒஃபிஸ் சின்ஸ் 2019.
2. மை சிஸ்டர் ரோட் எ லெட்டர் யெஸ்டர்டே.
3. வீ வென்ட் டு ட்ரிங்கோமலி லாஸ்ட் மன்த்.
4. இஃப் இட் ரெயின்ஸ், வீ வில் நொட் கம்.
5. மை ஃபாதர் கெட்ஸ் அப் அட் ஃபோர்.
6. மை கிரான்ட்மதர் ஹாஸ் பீன் இல் ஃபோர் டூ வீக்ஸ்.

ஆறாவது வாக்கியத்தில் 'வொஸ் இல்' என்று எழுதியவர்கள், பாட்டி குணமடைந்துவிட்டார் என்று எழுதியிருக்கின்றார்கள். அது மகிழ்ச்சியான செய்தியே. ஆனால் நாம் கேட்ட செய்தி அன்று. அவர்கள் 'பத்து வருடமும் பத்து வருடமாகவும்' என்னும் பகுதியை மீண்டும் ஒருமுறை படிப்பாராக. வீட்டிலே பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் இருந்தால், அவர்களுக்கும் இவ்வாறு வாக்கியங்களைக் கொடுத்து எழுதச் சொல்லுக. நாளுக்கு இரண்டு வாக்கியம் போதும். தமிழில் ஒன்றைச் சொல்லி, அது முடிந்ததா முடியவில்லையா என்று முதலிற் கேளுங்கள். ஆங்கில வடிவத்தைப் பின்னர்க் கேளுங்கள். அடுத்த வாரம் 'இன், ஓன், அட்' என்னும் மூன்று சிறு சொற்களைப் பற்றி ஆராய்வோம்.